டெபாசிட் பாதி, செலவு முழுசு

சட்டமன்றத் தேர்தலில் நிற்க நினைக்கும் தலித், சிறுபான்மை நண்பர்கள் அனுப்பிய பணக் கேள்விகள் இவை. சில வேட்பாளர்களுக்குச் செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

விழுப்புரம்: நான் பட்டியல் சாதி. பொதுத் தொகுதியில் நின்றாலும் டெபாசிட் பாதிதானா?

ஆமாம். 10,000 ரூபாய்க்குப் பதில் 5,000. எந்தத் தொகுதி என்பது பிரச்சினையே இல்லை, சாதிச் சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான்.

ஆம்பூர்: முஸ்லிம்களுக்கு?

கிடையாது. தனித்தொகுதியும் இல்லை. 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதிக்கு, 2 பழங்குடிக்கு. மற்றவர்களுக்குக் கட்சி மனசு வைத்தால்தான் சீட்டு. 2021-ல் நாகப்பட்டினம் பொதுத் தொகுதியில் ஆளூர் ஷாநவாஸ் ஜெயித்தார்; சீட்டு கொடுத்தது விடுதலைச் சிறுத்தைகள்.

மதுரை: தேர்தல் செலவுக்கு 40 லட்சம் ரூபாய் உச்சவரம்பு ஏழை வேட்பாளருக்குப் பாதுகாப்புதானே?

காகிதத்தில் பாதுகாப்புதான். ஆனால் வரம்பு வேட்பாளருக்கு மட்டும், கட்சி எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்களைப் பட்டியலிடலாம். அவர்களின் பயணச் செலவு வேட்பாளர் தலையில் விழாது. சுயேச்சைக்கு ஏது நட்சத்திரம்!

சின்னம் இன்னொரு தலைவலி. சுயேச்சைக்கு அது கையில் கிடைப்பதே மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கு அப்புறம்தான். அதன்பின் இரண்டே வாரத்தில் நோட்டீஸ் அடித்து, சுவரெழுதி, ஊர் ஊராகச் சின்னத்தைக் காட்டியாக வேண்டும். அச்சகத்தில் அந்த நேரம் கடன் சொல்ல முடியாது.

டீ, நாற்காலி, மைக் செட் எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் போடும். நான் கணக்கு எழுதிய ஒருவருக்குத் தெருக்காரர்கள் ஓசியில் நாற்காலி கொடுத்தார்கள். எங்கள் நோட்டில் அந்தச் செலவே இல்லை, ஆனால் தேர்தல் செலவைக் கண்காணிக்கும் பார்வையாளர் தரப்பு தனியாக எழுதும் நிழல் பதிவேட்டில் பட்டியல் விலையோடு இருந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். கூலிக்குப் போகிற மனிதர், ஒரு நாள் சம்பளம் போச்சு. ஓசியில் வந்ததையும் விலை போட்டு எழுதுங்கள்.

கடலூர்: தோற்றவரும் கணக்குக் கொடுக்கணுமா?

கட்டாயம். முடிவு வந்த 30 நாளுக்குள். கொடுக்காமல் விட்டால் தேர்தல் ஆணையம் 3 வருடம் தகுதிநீக்கம் செய்யலாம். டெபாசிட் போன சோகத்தில் இதை மறப்பவர்கள் அதிகம்.

தருமபுரி: அரசாங்கமே செலவை ஏற்றால் எல்லாம் சரியாகுமே?

தேர்தல் செலவை அரசே ஏற்பது பற்றி ஆராய்ந்த இந்திரஜித் குப்தா குழு 1998-ல் அதைத்தான் சொன்னது. ரொக்கமாக வேண்டாம், எரிபொருள், காகிதம் என்று பொருளாகக் கொடுக்கலாம் என்றது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும். விடுதலைச் சிறுத்தைகள் 1999-ல் தேர்தலுக்கு வந்தார்கள். மாநிலக் கட்சி அங்கீகாரம் 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகுதான் கிடைத்தது. அந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தாலும், அதற்குமுன் தனிச் சின்னத்தில் நின்ற அவர்களின் வேட்பாளர் ஒருவருக்கு ஒரு லிட்டர் டீசல்கூட வந்திருக்காது.