அமைதியான கடலோர ரிசார்ட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கடலோர விடுதிகளில் ரிசப்ஷனிலும் அறை நிர்வாகத்திலும் நிறைய நாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்த விடுதிக்கும் விளம்பரம் செய்யப் போவதில்லை.

கேள்வி: அண்ணா, எல்லா ரிசார்ட்டும் "அமைதியான சூழல்" என்றுதான் போட்டுக்கொள்கிறது. நிஜமாகவே அமைதியான இடம் எது என்று வீட்டிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் சேட்டிலைட் மேப்பைத் திறந்து விடுதியைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். அறைக்கும் கடலுக்கும் நடுவே ரோடு ஓடுகிறதா, பக்கத்தில் படகுத்துறை இருக்கிறதா (படகு எஞ்சின்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும்), பொதுமக்கள் வண்டி நிறுத்தும் இடம் எவ்வளவு தூரம், ஒட்டினாற்போல் காலி மனை இருக்கிறதா. காலி மனை என்றால் நீங்கள் போகும்போது அங்கே கட்டட வேலை நடக்கலாம்.

அப்புறம் போன் செய்யுங்கள். புக்கிங் ஆப்பில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம், விடுதியின் ரிசப்ஷனுக்கே போடுங்கள். "சத்தம் இருக்குமா?" என்று கேட்டால் "இல்லவே இல்லை சார்" என்றுதான் பதில் வரும், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். "நான் தங்கும் இரவுகளில் புல்வெளியில் ஸ்பீக்கர் வைத்துக் கல்யாணமோ கம்பெனிக் கூட்டமோ புக் ஆகியிருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பக்கம் ரிஜிஸ்டரைப் புரட்டும் சத்தம் கேட்கும். அடுத்து, ஜெனரேட்டர், நீச்சல்குள மோட்டார், சமையலறைப் புகைபோக்கி மூன்றுக்கும் தள்ளி இருக்கும் அறை எது என்று கேட்டு, அந்த அறை எண்ணையே புக்கிங்கில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வார நாளில் போக முடிந்தால் பாதிப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்காமல், ஏசியை அணைத்து, பால்கனிக் கதவைத் திறந்து வைத்து இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பக்கத்து அறை ஏசியின் வெளி யூனிட் உங்கள் பால்கனியை ஒட்டி உறுமிக்கொண்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பெட்டியைத் திறக்காதவருக்கு வேறு அறை கொடுப்பது ரிசப்ஷனுக்குச் சுலபம். சோப்பைப் பிரித்து, படுக்கையில் புரண்டுவிட்டு வந்து கேட்டால் ஹவுஸ்கீப்பிங்கை மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும், முகமும் மாறும்.

கேள்வி: "சீ வியூ", "சீ ஃபேசிங்", "பீச் ஃபிரண்ட்". எதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்?

பதில்: சீ வியூ என்றால் பால்கனி மூலையில் நின்று கழுத்தை வளைத்தால் ஒரு நீலக் கோடு தெரியலாம், அவ்வளவுதான் உத்தரவாதம். சீ ஃபேசிங் என்றால் அறை கடலைப் பார்த்திருக்கும், நடுவில் தோட்டமோ ரோடோ இருக்கலாம். பீச் ஃபிரண்டில் இறங்கினால் மணல். எல்லா விடுதியும் இவற்றை ஒரே அர்த்தத்தில் பயன்படுத்துவதில்லை, அதனால் குறிப்பிட்ட அந்த அறையிலிருந்து எடுத்த படத்தையே அனுப்பச் சொல்லுங்கள்.

பலரும் கேட்க மறப்பது திசை. மேற்கு பார்த்த அறையில் சூரிய அஸ்தமனம் அழகுதான், ஆனால் மதியம் முழுக்க வெயில் நேராக அறைக்குள் விழும். மதியம் தூங்கத்தான் போகிறீர்கள் என்றால் கிழக்கு பார்த்த அறை நல்லது, என்ன, விடிந்ததும் வெளிச்சம் எழுப்பிவிடும், கனமான திரை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், சனி ஞாயிறு ஒரே ஒரு இரவு போய் வந்தால் போதாதா?

பதில்: போகலாம், ஆனால் ஓய்வை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றப் பாதி அளவுக்கு ஆழமாகத் தூங்குவதில்லை என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். முதல் நாள் காலையில் கண் எரிச்சலோடு ரிசப்ஷனுக்கு வந்து மெத்தை சரியில்லை என்று சண்டை போடுபவர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. நெதர்லாந்தில் நீண்ட விடுமுறை எடுத்த ஊழியர்களை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மனமும் உடம்பும் உச்சத்தில் இருந்தது எட்டாம் நாள் வாக்கில். வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே அது பழைய நிலைக்கு இறங்கியும் விட்டது. எட்டு நாள் எல்லோருக்கும் கிடைக்காது. மூன்று இரவு எடுங்கள், நடுவில் ஒரு நாளாவது எங்கேயும் போகாத நாளாக இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு பெரிய லீவை விட, சின்னச் சின்னதாக இரண்டு மூன்று என்று பிரித்துப் போவதுதான் என் கட்சி.

கேள்வி: மணலில் உட்கார எந்த நேரம் நல்லது? மதியம் போனால் மணல் முகத்தில் அடிக்கிறது.

பதில்: வெயில் ஏற ஏற நிலம் கடலை விடச் சீக்கிரம் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. முற்பகலில் மெல்லத் தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாய்ந்ததும் அடங்கும். இரவில் திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், அது மென்மையானது. அதனால் புத்தகம், பாய், அரட்டை எல்லாம் காலையில் அல்லது அஸ்தமனத்துக்குப் பிறகு. பிற்பகலில் அறையிலோ மரத்தடியிலோ இருங்கள்.

கூடவே அந்த இடத்தின் ஓத அட்டவணையையும் (கடல் மட்டம் ஏறி இறங்கும் நேரங்கள்) பாருங்கள், போனிலேயே கிடைக்கும். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், அடுத்த நாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். இன்று காலை ஆறு மணிக்கு அகலமாகக் கிடந்த மணல் ஒரு வாரம் கழித்து அதே ஆறு மணிக்குத் தண்ணீருக்கடியில் இருக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் இன்னும் அதிகம்.

கேள்வி: எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். ஆளில்லாத கடற்கரையில் தனியாக இறங்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. ஆளில்லாத கரை என்றால் காப்பாற்றவும் ஆளில்லை என்றுதான் அர்த்தம். நீச்சல் குளத்தில் கற்றது கடலில் பாதிக்குத்தான் உதவும்.

பயப்பட வேண்டியது ரிப் கரண்ட் என்ற இழுப்புக்கு. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பி ஓடும் இடம் அது. விநாடிக்கு 2.5 மீட்டர் வரை கூட வேகம் பிடிக்கும், ஒலிம்பிக் வீரராலேயே எதிர்த்து நீந்த முடியாது. இதில் மோசம் என்னவென்றால், அந்த இடம்தான் பார்க்க ரொம்பச் சாதுவாக இருக்கும். இருபுறமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, நுரையும் குப்பையும் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். "இங்கே அலை இல்லை, இங்கே இறங்கலாம்" என்று பலரும் சரியாக அங்கேதான் போவார்கள். இறங்குவதற்கு முன் கொஞ்சம் மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் தண்ணீரைப் பாருங்கள்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப் போகாதீர்கள். அது உங்களை அடியில் அமுக்காது, வெளியேதான் இழுக்கும். மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு சேர்ந்து கரைக்குத் திரும்புங்கள். லைஃப்கார்ட் இருக்கும் கரையில் பாதி சிவப்பு, பாதி மஞ்சள் நிறக் கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவே குளியுங்கள். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் பால்கனியோடு சரி.

கேள்வி: குழந்தைகளுக்குக் காற்று ஊதும் மிதவை வாங்கலாமா?

பதில்: குளத்துக்கு வாங்குங்கள், கடலுக்கு வேண்டாம். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நேரத்தில் அந்த மிதவை குழந்தையோடு நகர ஆரம்பித்தால் ஓடிப் பிடிக்க முடியாது. அப்படி வீசும்போது தண்ணீர் வேறு அலையில்லாமல் கண்ணாடி போல இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. குளத்திலும் மிதவையை நம்பிக் கண்ணை எடுக்காதீர்கள், கை எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.

கேள்வி: சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் 30 போதுமா, 50 வேண்டுமா? குடை நிழலில் இருந்தால் தேவையா?

பதில்: 30 என்றால் தோலைச் சுடும் யுவிபி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் நாம் பூசும் அளவு எப்போதுமே குறைவு என்பதால் 50 வாங்குவதில் தப்பில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, குளித்து எழுந்த ஒவ்வொரு முறையும் மறுபடி பூசுங்கள். குடைக்குள்ளும் தேவை. காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை 25 சதவீதம் வரையும் திருப்பி அடிக்கும். மேகமூட்டத்தையும் நம்பாதீர்கள். பவளப்பாறை உள்ள கடலில் இறங்குவதாக இருந்தால் பவளத்துக்குக் கெடுதல் என்று கருதப்படும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் இரண்டும் இல்லாததாகப் பாருங்கள், ஹவாய் மாநிலம் 2021 முதல் இவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையையே தடை செய்துவிட்டது. கொசு மருந்தும் பூசுவதாக இருந்தால் சன்ஸ்கிரீன் முதலில், கொசு மருந்து அதன் மேல்.

கேள்வி: கடல் காற்று நுரையீரலுக்கு மருந்து என்கிறார்களே, உண்மையா?

பதில்: இது இன்று நேற்று வந்த பேச்சு இல்லை. ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர் 1750இல் கடல்நீர் வைத்தியம் பற்றி லத்தீனில் ஒரு நூலே எழுதினார், குளிக்க மட்டுமல்ல, குடிக்கவும் சொன்னார்! இங்கிலாந்தின் பிரைட்டன் போன்ற கடலோர ஊர்கள் உல்லாச ஊர்களானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் குடித்துவிடாதீர்கள், ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்தக் கடல் வாசனையை ஒரு காலத்தில் ஓசோன் என்று நினைத்தார்கள், அதில் முக்கியமானது டைமெத்தில் சல்பைடு என்ற வாயு, கடலின் நுண்ணுயிர்களிலிருந்து வருவது. தூசி, புகை இல்லாத காற்று சுகமாகத்தான் இருக்கும், அதற்காக இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

கேள்வி: ஜெல்லிமீன் பட்டால் மணலைத் தேய்க்கச் சொல்கிறார்களே?

பதில்: கூடவே கூடாது. தேய்த்தால் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் இன்னும் வெடிக்கும். நல்ல தண்ணீர், சிறுநீர் இரண்டும் வேண்டாம். கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில், 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள். வினிகர் சில இனங்களுக்கு உதவும், சிலவற்றுக்குக் கெடுதல், அந்தக் கரையில் எது வரும் என்று லைஃப்கார்டிடம் கேளுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே மருத்துவமனை.

கேள்வி: அப்பாவுக்கு மூட்டு வலி. மணலில் நடந்தால் நல்லது என்கிறார்.

பதில்: எந்த மணல் என்பதைப் பொறுத்தது. காய்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையை விட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகிறது என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொல்கிறது. அப்பாவை அலை வந்து போன ஈர மணலில், வற்றத்தின்போது நடக்கச் சொல்லுங்கள். அங்கேயும் கரை ஒரு பக்கம் சரிந்திருக்கும், நீண்ட தூரம் போனால் ஒரு காலுக்கே பாரம். நிறைய சரிவென்றால் விடுதி நடைபாதையே போதும். அறை தரைத்தளத்தில் இருக்கட்டும், குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் இரண்டாம் நாளே "அடுத்து என்ன?" என்று ஆரம்பித்துவிடுவார். என்ன செய்வது?

பதில்: இவரைப் போன்றவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன் அம்மா, ரிசப்ஷனுக்கு வந்து "இங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். கடல்தான் இருக்கிறது என்றால் கோபம் வரும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள், காலையில் படகுப் பயணமோ சைக்கிளோ, அவரே ஏற்பாடு செய்யட்டும். மீதி நேரம் உங்களுடையது. நீங்களும் கூடவே போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கேள்வி: கிளம்பும் நாளிலும் கடலில் இறங்க ஆசை. அறையை வேறு காலி செய்ய வேண்டுமே?

பதில்: பல விடுதிகளில் நீச்சல்குளத்துப் பக்கம் பொதுக் குளியலறை இருக்கும், செக்-அவுட் செய்தபின் அதைப் பயன்படுத்தலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பெட்டியை ரிசப்ஷனில் வைத்துக்கொள்வார்கள். ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, மாற்றுத் துணி மேலாக. காலில் ஒட்டிய மணல் போகவில்லை என்றால் தண்ணீரில் மல்லுக்கட்டாமல், முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவித் தேயுங்கள், ஈரத்தை உறிஞ்சி மணல் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.