பண்டைய சமயங்களில் தலைமைப் பூசாரி அரசனைவிட அதிகாரம் படைத்தவரா?

தலைமைப் பூசாரிகள் என்னதான் செய்தார்கள், அரசனைவிட அவர்கள் உயர்ந்தவர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு ஊர் விடை மாறுகிறது. பூசையும் பலியும் எங்கும் உண்டு. அரசனுக்கும் தெய்வத்துக்கும் நடுவில் நிற்கும் இடம் யார் பிடியில் இருந்தது என்பதை வைத்தே இந்தப் பதவியை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

பாபிலோனின் அகிது என்னும் புத்தாண்டு விழாவிலிருந்து தொடங்குகிறேன். விழாவின் 5ஆம் நாள் அரசன் நகரின் முதன்மைத் தெய்வமான மார்துக்கின் கோயிலுக்கு வந்ததும், தலைமைப் பூசாரி செங்கோலையும் மகுடத்தையும் வாங்கித் தெய்வத்தின் முன் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அரசனின் கன்னத்தில் அறைவார். பிறகு காதைப் பிடித்து உள்ளே இழுத்துச் சென்று மண்டியிட வைப்பார். நகருக்குத் தான் தீங்கிழைக்கவில்லை என்று அரசன் உறுதி கூறிய பிறகே சின்னங்கள் திரும்பக் கிடைக்கும். அப்போது விழும் மற்றோர் அறையில் கண்ணீர் வந்தால் மார்துக் மனம் குளிர்ந்தார் என்றும், வராவிட்டால் பகைவன் வந்து வீழ்த்துவான் என்றும் பொருள். இதைச் சொல்லும் களிமண் பலகைகள் காலத்தால் பிந்தியவை என்பதால், எல்லாப் பேரரசர்களும் அறை வாங்கினார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

எகிப்தில் கொள்கையளவில் பூசாரி என்பவர் பார்வோன் ஒருவரே. கோயில் சுவர்களில் தெய்வத்துக்குப் படையல் இடுபவராக அவரையே செதுக்கினார்கள். ஆனால் தினமும் கருவறையின் முத்திரையை உடைத்துச் சிலைக்கு எண்ணெய் பூசி, ஆடை உடுத்தி, உணவு படைத்தவர்கள் அவருடைய பதிலாட்களான பூசாரிகள். பதிலாள் எங்கே முதலாளி ஆகிறார் என்பதைக் கர்னாக் கோயிலில் கண்ணாலேயே பார்க்கலாம். 9ஆம் ராமேசஸ் காலத்துப் புடைப்புச் சிற்பமொன்றில் ஆமுன் என்னும் தெய்வத்தின் தலைமைப் பூசாரி அமென்ஹோதெப், அரசனின் உயரத்துக்கே நிற்கிறார். சில பத்தாண்டுகளில் அதே பதவிக்கு வந்த ஹெரிஹோர், அரசர்களுக்கே உரிய நீள்வட்டச் சட்டத்துக்குள் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார்.

எருசலேமில் நடந்தது நேரெதிர். ஆண்டுக்கு ஒரே நாள், பாவநிவிர்த்தி நாளன்று, யூத ஆலயத்தின் கருவறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழையும் உரிமை, தலைமைப் பூசாரியான பிரதான ஆசாரியர் ஒருவருக்கே இருந்தது. இத்தனை புனிதமான பதவியைக் கி.மு. 175 வாக்கில் யாசோன் என்பவர் அப்போது அந்நாட்டை ஆண்ட செலூக்கிய மன்னனுக்குப் பணம் தருவதாகச் சொல்லியே பெற்றார். பின்னர் வந்த ரோமானியர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். 12 கற்கள் பதித்த மார்ப்பதக்கம் உள்ளிட்ட பிரதான ஆசாரியரின் திருவுடையை ஆலயத்தை ஒட்டிய அந்தோனியா கோட்டையில் பூட்டி வைத்து, விழா நெருங்கும்போது மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். உடை இல்லாமல் சடங்கு இல்லை. ஆகவே அதைப் பூட்டியவனுக்குத் தனியாகப் படை அனுப்ப வேண்டிய தேவை குறைவு.

அதே ரோமானியர்கள் தங்கள் நகரில் பூசாரிப் பதவியை அரசியல்வாதிகளுக்கே கொடுத்திருந்தார்கள். கி.மு. 63இல் ஜூலியஸ் சீசர் தலைமைப் பூசாரிப் பதவியைத் தேர்தலில் வென்றார். நாட்காட்டியைச் சரிசெய்யச் சில ஆண்டுகளில் கூடுதலாக ஒரு மாதம் சேர்ப்பது பூசாரிக் குழுவின் கையில் இருந்ததால், வேண்டியவரின் பதவி ஆண்டை நீட்டவும் வேண்டாதவரின் ஆண்டைச் சுருக்கவும் வழி இருந்தது. சீசருக்குப் பின் அப்பதவியைப் பெற்ற லெபிதஸின் மற்ற அதிகாரங்களை எல்லாம் பறித்த முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ், இதை மட்டும் அவர் இறக்கும்வரை தொடாமல் காத்திருந்து, கி.மு. 12இல் ஏற்றுக்கொண்டார். தலைமைப் பூசாரி, அரசுக்குச் சொந்தமான 'பொது இல்லம்' என்னும் வீட்டில் வசிக்க வேண்டும் என்பது மரபு. அகஸ்டஸ் அங்கே குடிபோகவில்லை. தம் வீட்டின் ஒரு பகுதியையே பொதுச் சொத்தாக அறிவித்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துகொண்டார்.