98 வெற்றிகளுக்குப் பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

டாம்பா பே ரேஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கையில் காசில்லாமல், ஊர் பேர் தெரியாத பையன்களை வைத்துக்கொண்டு நியூயார்க்கையும் பாஸ்டனையும் மிரட்டும் கதை. நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஆனால் பிட்ஸ்பர்கில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவனுக்கு வயிறு எரியும். அந்தச் சமையலுக்கு அரிசி எங்கள் வீட்டிலிருந்து போனது.

2003-ல் வேலைக்காக இங்கே வந்தேன். முதல் வாரத்தில் எனக்கு அறிமுகமானவை இரண்டு இடங்கள். ஒன்று பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோவில். இன்னொன்று, ஆபீஸ் நண்பர் இழுத்துப்போன பிஎன்சி பார்க் மைதானம். ஆற்றுக்கு அந்தக் கரையில் ஊரின் உயரமான கட்டடங்கள். ஆட்டத்தைப் பார்ப்பதா ஊரைப் பார்ப்பதா என்று தெரியாது. அன்றைக்கே ஊர் அணியான பைரேட்ஸின் ரசிகனாகிவிட்டேன். அந்த அணி 1993-லிருந்து விடாமல் தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதை நண்பர் சொல்லவில்லை. 2012 வரை தொடர்ந்து 20 சீசன்கள், ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். கடைசிப் பத்து என் கண் முன்னால்.

2013-ல் சின்சினாட்டி ரெட்ஸுடன் நடந்த அந்த வைல்ட் கார்ட் ஆட்டத்துக்கு (பிளே-ஆஃபில் நீடிக்க ஒரே ஒரு ஆட்டம்) போயிருந்தேன். அந்த வருடத்தோடு சேர்த்து மூன்று வருடம் சொர்க்கம். பிறகு பழையபடி. 2025-ல் 91 தோல்வி. ஏப்ரலில் மைதானத்துக்கு மேலே விமானத்தில் பேனர் கட்டிப் பறக்கவிட்டு, ‘அணியை விற்றுவிடு’ என்று முதலாளியிடம் சொன்னார்கள்.

என் அபிப்பிராயம் இது. முதலாளி ஒன்று செலவு செய்ய வேண்டும், இல்லை விற்க வேண்டும். இரண்டும் முடியாதென்றால் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி மாதிரி துணிந்து தோற்க வேண்டும். மூன்று வருடம் அடிமட்டத்துக்குப் போய், அதற்குப் பரிசாக டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கிக்கொள்ளும் முறை) முதல் ஆளை எடுத்து, கோப்பையோடு மேலே வர வேண்டும். நாங்கள் 75 ஆட்டம் ஜெயிக்கும் அணியாகவே காலம் தள்ளுகிறோம். 2025 நவம்பரில் எங்கள் பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸுக்கு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கிடைத்தது. எப்படியும் 2029 முடிந்ததும் போய்விடுவார். இப்போதே அவரை விற்று ஐந்து இளைஞர்களை வாங்கிவிட வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். பதினான்கு வயது மகன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

நீங்கள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் ஜெனரல் மேனேஜராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

(பெயர் வேண்டாம் சார், ஆபீஸில் பாதிப் பேர் பிலடெல்ஃபியா ரசிகர்கள்.)
பிட்ஸ்பர்க்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகன் விஷயம். அவன் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அரிசிக் கதை மற்ற வாசகர்களுக்குப் புரியாது என்பதால் ஒரு வார்த்தை. 2018 ஜூலை 31-ம் தேதி, ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாளில், பைரேட்ஸ் டாம்பாவிடமிருந்து கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சரை வாங்கியது. பதிலுக்குக் கொடுத்தது டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், சில நாள் கழித்து ஷேன் பாஸ். ஆர்ச்சர் பிட்ஸ்பர்கில் சோபிக்கவே இல்லை. மெடோஸ் அடுத்த வருடமே 33 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். 2020-ல் டாம்பா உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டி வரை போனபோது கிளாஸ்னோ அதன் முக்கியமான பிட்சர்களில் ஒருவர். டாம்பாவைப் புகழ்ந்து எழுதிய நான் இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டது தப்புதான். ஒரு சின்ன அணி கெட்டிக்காரத்தனமாக வாங்கியது என்றால் இன்னொருவர் ஏமாந்து விற்றிருக்கிறார், பல நேரம் அதுவும் ஒரு சின்ன அணிதான்.

இப்போது ஹூஸ்டன். இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோரும் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஆஸ்ட்ரோஸ் 2011-ல் 106, 2012-ல் 107, 2013-ல் 111 ஆட்டங்கள் தோற்றது. அதனால் அடுத்தடுத்து மூன்று டிராஃப்டுகளில் நாட்டின் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை கிடைத்தது. 2012-ல் கார்லோஸ் கொரெயா, அருமையான தேர்வு. 2013-ல் மார்க் அப்பெல் என்ற பிட்சர். அவர் ஹூஸ்டனுக்காக உச்சநிலை லீகான மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. அந்த டிராஃப்டில் அவருக்கு அடுத்த இடத்தில் சிகாகோ கப்ஸ் எடுத்தது கிரிஸ் பிரையன்டை. 2014-ல் பிரேடி எய்கன். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு பேரம் முறிந்து ஒப்பந்தமே ஆகவில்லை. அதற்கு ஈடாக மறு வருடம் கிடைத்த இரண்டாம் இடத்தில்தான் அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். மூன்று முதல் தேர்வில் ஒன்று பழுத்தது, ஒன்று உதிர்ந்தது, ஒன்று கைக்கே வரவில்லை, ஆனால் அதிர்ஷ்டவசமாகக் குட்டி போட்டது.

சரி, 2017-ல் கோப்பையை வாங்கிக் கொடுத்தது யார்? அந்த வருட லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஹோசே அல்டுவே. வெனிசுவேலாவில் நடந்த தேர்வு முகாமில் குள்ளமாக இருக்கிறான் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மறுநாள் திரும்பிப் போய் நின்ற பையன். 15,000 டாலருக்கு ஒப்பந்தமானார். உலகத் தொடரின் நாயகன் ஜார்ஜ் ஸ்பிரிங்கர், 2011-ல் பதினோராவதாக எடுக்கப்பட்டவர். டல்லாஸ் கைக்கெல் 2009-ல் ஏழாவது சுற்றில் வந்தவர். மூவரும், தோற்பதைத் திட்டமாக வைத்திருந்த ஜெஃப் லுனோ 2011 டிசம்பரில் ஜெனரல் மேனேஜர் பொறுப்புக்கு வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். ஜஸ்டின் வெர்லேண்டர் 2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்னால், பெரிய சம்பளத்தோடு டெட்ராய்டிலிருந்து வாங்கப்பட்டவர். அதே நிர்வாகம் 2014 மார்ச்சில் ஜே.டி. மார்ட்டினெஸை வேண்டாமென்று அனுப்பியது. அவர் 2017-ல் வேறிடத்தில் 45 ஹோம் ரன் அடித்தார். அந்தக் கோப்பை வருடத்தில் கேமராவில் எதிரணி கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி) தன் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைப் பார்த்து, குப்பைத்தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சேதி சொன்ன கதை தனி. லுனோவின் வேலை அதில்தான் போனது.

தோற்றதால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், கொரெயா கிடைத்தார். ஆனால் 324 தோல்விகளுக்கு அது விலை கூடுதல். இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது. 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல். மிக மோசமான மூன்று அணிகளுக்கும் தலா 16.5 சதவீத வாய்ப்புதான். அந்த முதல் குலுக்கலில் ஜெயித்தது உங்கள் பைரேட்ஸ். 107 ஆட்டம் தோற்ற வாஷிங்டனைத் தாண்டி, 100 தோற்ற நீங்கள் முதலிடம் பிடித்தீர்கள். ஸ்கீன்ஸ் வந்தது அப்படி.

எனக்கு உங்கள் கடிதத்தில் பிடித்த இடம் 2013. 2013 அக்டோபர் 1-ம் தேதி ஆட்டத்தை யூடியூபில் பத்து முறையாவது பார்த்திருப்பேன். நாற்பதாயிரம் பேர் கறுப்புச் சட்டையில் நின்றுகொண்டு எதிரணி பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கத்துகிறார்கள். அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுகிறது. அடுத்த பந்தை ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடிக்கிறார். நீங்கள் கத்தியதும் அந்தச் சத்தத்தில் எங்கோ இருக்கிறது.

அந்த மார்ட்டின் எப்படி வந்தார் என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர். பேட்டிங் புள்ளிவிவரம் அப்போது சுமார்தான். ஆனால் கேட்சராக, ஓரத்தில் வரும் பந்தைக் கையை அலைக்காமல் வாங்கி, அம்பயரை ஸ்ட்ரைக் (அடித்திருக்க வேண்டிய நல்ல பந்து) என்று சொல்ல வைப்பதில் அவர் மன்னன். கிரிக்கெட் விக்கெட் கீப்பரிடம் இந்த வித்தைக்கு வேலையே இல்லை. இங்கே ஒரு சீசனில் ஆயிரக்கணக்கான பந்துகளில் இது சேர்ந்துகொண்டே போகும். அந்தக் காலத்தில் சந்தை இதற்கு விலை வைக்கவில்லை. கூடவே, பந்தைத் தாழ்வாக வீசித் தரையோடு அடிக்க வைக்கச் சொன்னார்கள். அடி எங்கே போகுமென்று கணக்குப் போட்டு ஃபீல்டர்களை நகர்த்தி நிறுத்தினார்கள். பிரான்சிஸ்கோ லிரியானோ கதை இன்னும் வேடிக்கை. ஒப்பந்தம் பேசி முடித்த நேரத்தில், கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளைப் பயமுறுத்தி விளையாடப்போய்க் கதவில் கையை இடித்து உடைத்துக்கொண்டார், நல்லவேளை வீசாத கை. விலையைக் குறைத்து மறுபடி பேசி எடுத்தார்கள். அவர் 16 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார்.

ஆக, உங்கள் ஊர்க்காரர்களுக்குக் குறைந்த பணத்தில் அணி கட்டத் தெரியாது என்று சொல்ல முடியாது. டாம்பாவைவிட நன்றாகவே கட்டினார்கள். என் குற்றச்சாட்டு 2015-க்குப் பிறகு நடந்ததைப் பற்றி. அந்த வருடம் 98 வெற்றி. செயின்ட் லூயிஸுக்கு 100, சிகாகோவுக்கு 97. மொத்த மேஜர் லீகிலும் முதல் மூன்று அணிகள் ஒரே பிரிவில் மாட்டிக்கொண்டன. பிரிவில் முதலிடம் கிடைக்காததால் ஆட வேண்டிவந்த வைல்ட் கார்ட் ஒற்றை ஆட்டத்தில், சிகாகோவின் பிட்சர் ஜேக் அரியெட்டா உங்களை 4-0 என்று வீட்டுக்கு அனுப்பினார். அது துரதிர்ஷ்டம், அதற்கு யாரையும் திட்ட முடியாது. திட்ட வேண்டியது அதற்கடுத்த குளிர்காலத்தை. 98 ஆட்டம் ஜெயித்த அணியிலிருந்து பிட்சர் ஜே.ஏ. ஹாப்பை டொரன்டோவுக்குப் போகவிட்டார்கள். அவர் மறு வருடம் 20 ஆட்டம் ஜெயித்தார். பிட்ஸ்பர்கிலேயே பிறந்து வளர்ந்த நீல் வாக்கரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்து ஜான் நீஸை வாங்கினார்கள். நீஸ் எட்டு மாதத்தில் வந்த வழியே மெட்ஸுக்குத் திரும்பினார். 2016-ல் 78 வெற்றி.

கையில் ஒன்றும் இல்லாதபோது சிக்கனமாக இருக்கலாம், அதில் தப்பில்லை. அணி கையில் இருக்கும்போது, இன்னும் இரண்டு ஆள் வாங்கினால் போதும் என்ற நிலையில், கல்லாவை இழுத்துச் சாத்துவதை நான் மன்னிக்க மாட்டேன்.

ஏன் சாத்துகிறார்கள்? சாத்தினாலும் நஷ்டமில்லை என்பதால். இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசியில் வந்தால் கீழ் லீகுக்குத் தள்ளிவிடுவார்கள். இங்கே அது கிடையாது. தேசியத் தொலைக்காட்சிப் பணம் 30 அணிக்கும் சமமாகப் பிரிகிறது. உள்ளூர் வருமானத்திலும் ஒவ்வொரு அணியும் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டு, சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறது. ஐபிஎல் ஏலம் மாதிரி எல்லோருக்கும் ஒரே பணப்பை என்ற ஏற்பாடும் இல்லை; சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை, குறைந்தது இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்ற விதியும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி ஒட்டானி ஒருவருக்கே பத்து வருடத்துக்கு 70 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. 2025 வரை பைரேட்ஸ் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் பிரையன் ரெய்னால்ட்ஸுக்கு, 10 கோடியே 67 லட்சம். டாட்ஜர்ஸோடு போட்டி போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மார்ட்டின் விலையில் மூன்று பேர், அவ்வளவுதான் கேட்கிறோம்.

முதலாளி விற்றால் விடியும் என்ற நம்பிக்கை எனக்கில்லை, வாங்குகிறவர் யாரென்று தெரியாதே. ஆனால் கோஷம் நியாயம்தான். பைரேட்ஸின் பழைய நாயகன் ராபர்ட்டோ கிளெமென்டேயின் சட்டை எண் 21 என்பதற்காக வலப்பக்கச் சுவரை 21 அடி உயரத்தில் எழுப்பிய மைதானம் அது. நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தவர் அவர். அந்தச் சுவரில் அவருடைய 21 இருந்த இடத்தில் 2025 ஏப்ரலில் ஒரு மதுபான விளம்பரத்தை ஒட்டி, ரசிகர்கள் கொந்தளித்ததும் திரும்பப் பழையபடி மாற்றினார்கள். அந்த இடம் காலி இடம் என்று ஒரு அலுவலகத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. கணக்குப் புத்தகத்தைவிட எனக்கு இதுதான் அதிகம் சொல்கிறது.

இனி ஸ்கீன்ஸ். மேஜர் லீகில் ஆட்டக்காரருக்கு முதல் மூன்று வருடம் குறைந்தபட்சச் சம்பளத்தையொட்டி, அடுத்த மூன்று வருடம் சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவரின் தீர்ப்பை வைத்துப் பேரம், ஆறு முடிந்தால் எந்த அணிக்கும் போகச் சுதந்திரம். அவருக்கு 2026-லிருந்து 2029 வரை நான்கு சீசன் பாக்கி. இப்போதே விற்றால் ஐந்து பேர் வருவார்கள் என்கிறீர்கள். இந்தக் கணக்கை உங்கள் ஊர் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டது. 2018 ஜனவரியில் பிட்சர் கெரிட் கோலை ஹூஸ்டனுக்குக் கொடுத்து நான்கு பேரை வாங்கினீர்கள். கோல் 2019-ல் 326 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எடுத்தார். நால்வரில் ஜோ மஸ்குரோவ் மட்டும் நல்ல பிட்சர், அவரையும் பிறகு சான் டியேகோவுக்கு அனுப்பிவிட்டீர்கள். கோலைக் கொடுத்த இரண்டே நாளில் உங்கள் அணியின் நட்சத்திரம் ஆண்ட்ரூ மெக்கட்சனும் போனார். அப்போது உங்கள் மகனுக்கு ஆறு வயது இருந்திருக்கும்.

2025-ல் ஸ்கீன்ஸின் சராசரி 1.97. அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வி 10. ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ஓட்டம்கூடக் கொடுக்காத ஆள் பத்து ஆட்டம் தோற்கிறார் என்றால் பேட் பிடிக்கும் ஒன்பது பேரும் அதை வைத்து என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அந்த வருடம் மேஜர் லீகிலேயே மிகக் குறைவாக ஓட்டம் எடுத்த அணி பைரேட்ஸ். நான் ஜெனரல் மேனேஜர் என்றால் இந்தக் குளிர்காலத்தில் பிட்சர் பக்கமே திரும்ப மாட்டேன். இரண்டு பேட்டர், முப்பதைத் தாண்டியவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, மூன்று வருட ஒப்பந்தம். 2029-ல் ஸ்கீன்ஸ் போனால் போகட்டும். நான்கு செப்டம்பர் மாதம் அந்த மைதானம் நிரம்பியிருக்கும்.

டிசம்பரில் அணிகளின் வருடாந்திரக் கூட்டம் இருக்கிறது. உருப்படியாக ஒரு பேட்டர் வந்து சேர்ந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதற்குள் சமாதானம் ஆகியிருந்தால் மகனையே எழுதச் சொல்லுங்கள், தமிழில்.