ஓல்ட்ஸ்மொபைல், ரியோ: இரண்டு அட்டையும் சரிதான்

உங்களிடம் உள்ள மாடல் கார்களில் ஒன்றின் அட்டையில் ஓல்ட்ஸ்மொபைல், இன்னொன்றில் ரியோ, ஆனால் இரண்டிலும் நிறுவனர் ரான்சம் ஓல்ட்ஸ் என்று இருக்கிறது, எது தப்பு என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் தப்பில்லைங்க. 1897-இல் மிச்சிகனின் லான்சிங்கில், பின்னால் ஓல்ட்ஸ்மொபைல் ஆன முதல் கம்பெனியைத் தொடங்கியவர் ஓல்ட்ஸ்தான். ஆனால் 1899-இல் சாமுவேல் ஸ்மித் பணம் போட்டபோது பெரும்பங்கு ஸ்மித்தின் கைக்குப் போய்விட்டது. கம்பெனியின் 650 டாலர் சின்னக் காரான கர்வ்டு டேஷ் அமோகமாக விற்றுக்கொண்டிருந்த நேரத்திலேயே, பெரிய, விலைகூடிய கார்கள்தான் வேண்டும் என்று ஸ்மித்தின் மகன் பிரெடரிக் நிற்க, மோதல் முற்றி 1904-இல் ஓல்ட்ஸ் வெளியேறினார். சொந்தப் பெயரே பழைய கம்பெனியிடம் தங்கிவிட்டது, எனக்கு இன்னும் மனசு கேட்காத இடம் இதுதான். அதனால் ரான்சம் ஈலை ஓல்ட்ஸ் என்ற பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, அதே லான்சிங்கில் ரியோவைத் தொடங்கினார். அப்புறம், 1908-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனது ஓல்ட்ஸ்மொபைல் மட்டும்தான், ரியோ போகவில்லை.