கொடுக்கப் போகும் பிளேயருக்கே இன்னும் 20 தவணை

கேள்வி: ஏழு வருடமாக டிஜே-யாக இருக்கிறேன். கிளப், கல்யாணம், கம்பெனி விழா என்று நல்ல மாதத்தில் 8 நிகழ்ச்சி கிடைக்கும். வருடத்தில் மூன்று மாதம் மந்தம், அப்போது 4 கிடைத்தால் அதிகம். பாட்டை ஓட்டும் பிளேயரும் அதைக் கலக்கும் மிக்ஸரும் சேர்ந்த செட், லேப்டாப்போடு இணைத்து வாசிக்கும் கன்ட்ரோலர், லேப்டாப் என்று மூன்று தவணை ஓடுகிறது. செட்டுக்கு இன்னும் 20 மாதம், மற்ற இரண்டும் 5 மாதத்தில் முடியும். கிரெடிட் கார்டு பாக்கி மட்டும் குறையவே மாட்டேன் என்கிறது. இப்போது பிளேயரில் புது மாடல் வந்திருக்கிறது. பழையதைக் கொடுத்தால் அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, மிச்சத்துக்கு வட்டியில்லாத் தவணை போட்டுத் தருகிறார்கள். வாங்காவிட்டால் பின்தங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதற்கிடையில் என் மைத்துனர், ‘ஸ்பீக்கர், லைட் வாங்கி வாடகைக்கு விடுவோம், கடனை உன் பேரில் எடு, லாபம் ஆளுக்குப் பாதி’ என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: சேமிப்பு, காப்பீடு பற்றியெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. அவை உங்களுக்குத் தெரியும் என்று கடிதமே சொல்கிறது. உங்களைக் கடிப்பது ஒரே ஒரு பழக்கம்: ஒரு கருவியின் கடன் தீருவதற்குள் அடுத்ததற்குக் கையெழுத்துப் போடுவது.

கணக்கைப் பணத்தில் போட வேண்டாம், நிகழ்ச்சியில் போடுவோம். ஒரு நிகழ்ச்சிக்கு உங்கள் கையில் நிற்கும் தொகை ‘ஒரு ஷோ’. நீங்கள் இணைத்து அனுப்பிய பட்டியலின்படி வீட்டுச் செலவு மாதம் 4 ஷோ. மூன்று தவணையும் சேர்ந்து 3 ஷோ. மென்பொருள், பாட்டுச் சந்தா வகையில் அரை ஷோ. மொத்தம் ஏழரை. நல்ல மாதத்தில் அரை ஷோ மிஞ்சும், ஒன்பது மாதத்துக்கு நாலரை. மந்த மாதத்திலோ மூன்றரை ஷோ துண்டு விழும், மூன்று மாதத்துக்குப் பத்தரை. ஆக, வருடத்துக்கு 6 ஷோ கடன் கார்டில் ஏறுகிறது. பாக்கி ஏன் குறையவில்லை என்பதற்கு இதுதான் பதில். நீங்கள் ஊதாரி இல்லை. நல்ல மாதத்தை வைத்துத் தவணை பேசுகிறீர்கள், மந்த மாதத்திலும் அதையே கட்ட வேண்டியிருக்கிறது. கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்றால், கட்டாமல் விட்ட பாக்கி ஒரு வருடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வீங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது புது பிளேயரைச் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய தவணை மாதம் ஒன்றரை ஷோ. நல்ல மாதத்திலேயே ஒரு ஷோ பற்றாக்குறை, மந்த மாதத்தில் ஐந்து. வருடத்துக்கு 24 ஷோ இடிக்கும். அதாவது மூன்று நல்ல மாத உழைப்பு. இதில் இன்னொரு வேடிக்கை, நீங்கள் கொடுத்துவிட்டு வரப் போகும் செட்டுக்கு இன்னும் 20 தவணை பாக்கி இருக்கிறது. பொருள் கடைக்காரரிடம் இருக்கும், கடன் உங்களிடம் இருக்கும்.

வட்டியில்லாத் தவணை என்றாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கடைக்காரரிடம் ‘மொத்தப் பணத்தையும் இன்றே கட்டினால் என்ன விலை?’ என்று கேளுங்கள். விலை இறங்கினால், இறங்கிய தொகைதான் அந்த இல்லாத வட்டி. பரிசீலனைக் கட்டணம் என்று ஒன்று தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, பின்தங்கும் பயத்துக்கு வருவோம். இசைத்தட்டைச் சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் 1972-ல் வந்தது. 1979-ல் வந்த அதன் எம்கே2 மாடலின் வடிவம் பெரிய மாற்றமில்லாமல் 2010-ல் தயாரிப்பு நிற்கும் வரை நீடித்தது. அந்தக் காலத்து டிஜே ஒரு ஜோடி வாங்கினால் ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டு காலத்தை ஓட்டலாம், அதில் பெல்ட்டே கிடையாது. உங்கள் காலம் வேறு. கிளப்புகளில் இருக்கும் சிடிஜே பிளேயர் வரிசையையே பாருங்கள்: சிடிஜே-2000 வந்தது 2009-ல், அதன் நெக்சஸ் மாடல் 2012-ல், நெக்சஸ்-2 2016-ல், சிடிஜே-3000 2020-ல், 3000எக்ஸ் 2025-ல். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒன்று. மூன்று வருடக் கடன் வாங்கினால், அது தீர்ந்து மூச்சு விடும்போது அடுத்த மாடல் வாசலில் நிற்கும். அவர்கள் வேகத்துக்கு நீங்கள் கடன் வாங்கி ஓட முடியாது.

ஓட வேண்டியதும் இல்லை. கிளப்பில் பிளேயரும் மிக்ஸரும் அவர்களுடையது. நீங்கள் கொண்டுபோவது ஹெட்போனும் இரண்டு பென் டிரைவும். பென் டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகி, பாட்டுகள் எம்பி3-யிலோ வேவ் கோப்பாகவோ இருந்தால் பழைய மாடலிலும் ஓடும். ஃப்ளாக் என்ற வகைப் பாட்டுக் கோப்பு மட்டும் இருந்தால் 2012-ன் நெக்சஸ் அதைப் படிக்காது. வேலைக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது, அதைச் சரிசெய்யச் செலவே இல்லை. கல்யாணத்துக்கும் கம்பெனி விழாவுக்கும் உங்களிடம் உள்ள கன்ட்ரோலர் போதும். யாராவது குறிப்பிட்ட மாடல்தான் வேண்டும் என்றால் அன்றைக்கு வாடகைக்கு எடுத்து, வாடகையைக் கட்டணத்தில் சேருங்கள். கடந்த ஒரு வருடத்தில் பிளேயர் பழசு என்பதற்காக எந்த புக்கிங் போனது? கடிதத்தில் ஒன்றுகூட இல்லை.

இளம் பையன்கள் குரலைத் தனியாக, தாளத்தைத் தனியாகப் பிரித்து வாசிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை மென்பொருளே செய்கிறது, உங்கள் லேப்டாப்பிலேயே முடியும். அதற்குப் பயிற்சிதான் வேண்டும், கடன் வேண்டாம்.

பாட்டுச் சந்தாவைப் பற்றியும் ஒன்று. ஸ்பாட்டிஃபை 2020 ஜூலையில் டிஜே மென்பொருள்களிலிருந்து விலகியது, 2025-ல்தான் திரும்பியது. அதை நம்பித் தொகுப்பு வைத்திருந்தவர்கள் நடுவில் கையைப் பிசைந்தார்கள். அடிக்கடி வாசிக்கும் பாட்டுகளை விலைக்கு வாங்கி வையுங்கள். மூன்று சந்தாவில் இரண்டை நிறுத்தலாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஐந்து மாதத்தில் கன்ட்ரோலர், லேப்டாப் தவணைகள் முடிந்து மாதம் ஒன்றரை ஷோ விடுபடும். அந்தப் பணத்துக்கு உடனே புதுப் பொருள் தேடாதீர்கள். அதன் பிறகு உங்கள் செலவு 6 ஷோ, வருடத்துக்குச் சுமார் 12 ஷோ மிஞ்சும். கார்டு பாக்கி 9 ஷோ என்கிறீர்கள், வட்டியோடு சேர்த்து ஒரு வருடத்தை ஒட்டி அடைத்துவிடலாம். அதுவரை அந்தக் கார்டைத் தேய்க்காதீர்கள். அப்புறம் மாதம் அரை ஷோவைத் தனிக் கணக்கில் போடுங்கள், நாலு வருடத்தில் 24 ஷோ. அடுத்த மாடலை அதில் வாங்கலாம், அதுவும் முந்தைய மாடலைப் பழசாக வாங்கினால் இன்னும் மிச்சம். புக்கிங்குக்குப் பாதி முன்பணம் வாங்கும் வழக்கத்தையும் இப்போதே தொடங்குங்கள்.

மைத்துனர் விஷயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. நல்ல தொழில் என்று அவர் நம்பினால், கடனை அவர் பேரில் எடுக்கட்டும், நீங்கள் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வாடகை கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.