27 அங்குல ஏழு தந்தி கிட்டாரில் ஜாஸ்: விற்பதற்கு முன் டியூனிங்கை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 27 அங்குல ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்) கொண்ட ஏழு தந்தி எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. மெட்டல் வாசிக்க வாங்கியது. இப்போது மனம் ஜாஸ் பக்கம் போகிறது. ஆனால் முதல் சில ஃபிரெட்களில் கார்ட் பிடித்தால் விரல் எட்டுவதில்லை. ஏழாவது தந்தியைச் சேர்த்தால் ஒலி குழம்பிவிடுகிறது. விற்றுவிட்டு ஹாலோ பாடி (உள்ளே குடைவான உடல் கொண்ட கிட்டார்) வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஏழு தந்தி மெட்டலுக்கென்றே பிறந்ததல்ல. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் வான் எப்ஸ் 1930களின் இறுதியிலேயே எபிஃபோன் நிறுவனத்திடம் சொல்லி ஒன்றைச் செய்ய வைத்தார். அவரைப் பார்த்து பக்கி பிசரெல்லி, பிறகு அவர் மகன் ஜான் என்று ஒரு ஜாஸ் பரம்பரையே வந்தது. ராக், மெட்டல் ஆட்கள் கைக்கு அது பரவலாக வந்தது 1990இல் ஐபனீஸ் யுனிவர்ஸ் வெளியான பிறகுதான். மெட்டலில் ஏழாவது தந்தியின் சுருதி பொதுவாக பி (B), வான் எப்ஸின் வழியில் அது ஏ (A). உங்கள் விரல் பிரச்சினையில் பாதி இந்த ஒரு மாற்றத்திலேயே போய்விடும்.

எப்படி? உங்கள் கிட்டாரில் முதல் ஃபிரெட்டிலிருந்து பிரிட்ஜ் (உடலில் தந்தி அமரும் பாலம்) வரை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 25.5 அங்குலம் வரும், பல சாதாரண கிட்டார்களின் முழு ஸ்கேல் அவ்வளவுதான். ஆக, உங்களுடையதில் நான்காம் ஃபிரெட்டில் பிடிக்கும் கார்டும், அவற்றில் மூன்றாம் ஃபிரெட்டில் பிடிப்பதும் விரலுக்கு ஒரே அகலம். நீள ஸ்கேல் என்று பயப்படுவதெல்லாம் ஒரு ஃபிரெட் கணக்கு. முதல் சில ஃபிரெட்களில்தான் அது வலிக்கும், ஐந்தாம் ஃபிரெட் தாண்டினால் நினைவுகூட இருக்காது. ஏழாவது தந்தியை ஏ-வுக்கு இறக்கினால் அதிலுள்ள பாஸ் ஸ்வரமெல்லாம் இரண்டு ஃபிரெட் மேலே, வசதியான இடத்துக்கு வந்துவிடும்.

கையில் எடுத்துப் பாருங்கள். டி மைனர் செவன்: ஏழாவது தந்தி 5 (அதாவது ஐந்தாம் ஃபிரெட்), நான்காவது தந்தி 3, மூன்றாவது தந்தி 5. ஜி செவன்: ஆறாவது தந்தி 3, நான்காவது 3, மூன்றாவது 4. சி மேஜர் செவன்: ஏழாவது 3, நான்காவது 2, மூன்றாவது 4. மேலே இருக்கும் இரண்டு ஸ்வரங்களில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்றுதான் அரைப்படி இறங்குகிறது. எந்தக் கார்டிலும் கை மூன்று ஃபிரெட்டுக்குள்ளேயே இருக்கிறது. இதே சி மேஜர் செவனை பி டியூனிங்கில் பிடித்தால் பாஸ் முதல் ஃபிரெட்டுக்குப் போய்விடும், விரல்கள் 1 முதல் 4 வரை விரிய வேண்டும், அதுவும் ஃபிரெட்கள் மிக அகலமாக இருக்கும் இடத்தில். ஏ டியூனிங்கில் புதிதாக மனப்பாடம் செய்யவும் எதுவும் இல்லை. ஐந்தாவது தந்தியும் ஏ என்பதால், அங்கே தெரிந்த ரூட் (கார்டின் ஆதார ஸ்வரம்) எல்லாம் ஏழாவதில் ஒரு ஆக்டேவ் கீழே அதே ஃபிரெட்டில் கிடைக்கும்.

இப்போது இருக்கும் தந்தியையே ஏ-வுக்கு இறக்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, தந்தி தளதளவென்று ஆடும். 0.056 அங்குலத் தடிமன் தந்தி போட்டிருந்தால் 0.060 முதல் 0.064க்குள் ஒன்று மாற்றுங்கள். இங்கேதான் நீள ஸ்கேல் கைகொடுக்கிறது: அதே தந்தி, அதே சுருதிக்கு 25.5ஐவிட இதில் சுமார் 12 சதவீதம் இழுவிசை கூடுதல். அதே காரணத்தால் மேல் தந்திகளுக்கு 12 செட் (மெல்லிய தந்தி 0.012 அங்குலம்) வேண்டாம், 11 போதும். ஃபிளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய வழவழப்பான தந்தி) கிடைத்தால் அதையே போடுங்கள். தடித்த தந்தி கழுத்தின் மேல்முனையிலுள்ள நட் பள்ளத்தில் இறுகினால் அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தி, இன்டொனேஷனையும் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக இருக்கிறதா என்று) சரிபார்க்க வேண்டும். ஜாஸ் கிட்டார் கலைஞர் லெனி ப்ரோ மாதிரி ஏழாவதை மேலே உயர் ஏ-வாக வைக்கும் ஆசை மட்டும் இந்தக் கிட்டாரில் வேண்டாம். இவ்வளவு நீளத்தில் தந்தி அறுந்துபோகும்.

சரி, குழப்பம். தாழ்ந்த ஸ்வரத்துக்கு ஒட்டி மூன்றாம் ஸ்வரத்தையோ ஐந்தாம் ஸ்வரத்தையோ வைத்தால் எந்த ஆம்பிலும் கொழகொழவென்றுதான் கேட்கும். மேலே சொன்ன கார்டுகளில் ஐந்தாவது தந்தியைத் தொடவே இல்லை, கவனித்தீர்களா? பாஸுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே காற்றோட்டம் வேண்டும். இன்னொரு காரணம், நீங்கள் தொடாமலேயே அதிரும் தந்தி. நான்காவது தந்தியின் ஏழாம் ஃபிரெட்டை மீட்டிவிட்டு ஏழாவது தந்தியில் விரல் வைத்துப் பாருங்கள், நடுங்கிக்கொண்டிருக்கும். வேலை இல்லாதபோது அதன் மேல் வலது கைக் கட்டைவிரலைச் சாய்த்து வைப்பது பழக்கமாகட்டும்.

மெட்டல் கிட்டார் பிக்கப்கள் பொதுவாக அதிக அவுட்புட் கொண்டவை. நெக் பிக்கப்புக்கு மாறி, அதன் பாஸ் பக்கத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். வால்யூம் 6, 7, டோன் பாதி, ஆம்பில் கெயினும் பாஸும் குறைவு. ஹாலோ பாடியின் மரத்தன்மை இதில் வராது, அந்த ஒலிதான் வேண்டுமென்றால் விற்பதில் நியாயம் உண்டு. பதிலுக்குப் பியானோவின் இடது கைபோலத் தெளிவான பாஸ் கிடைக்கும், எனக்கு அது பிடிக்கும். ஆனால் குழுவில் பாஸ் வாசிப்பவர் இருந்தால் ஏழாவது தந்தியை அவருக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். தனியாகவோ பாடகருடனோ வாசிக்கும்போது அது உங்களுடையது.