லியோனில் எங்கே சாப்பிடுவது?

அன்புள்ள ஐயா, வேலை விஷயமாக பிரான்சின் லியோன் நகரத்துக்குப் போகிறேன். ஒருநாள் ஓய்வு கிடைக்கும். வழிகாட்டி இல்லாமல் நானே நடந்து ஊர்ச் சாப்பாட்டைப் பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்? எவ்வளவு செலவாகும்? மிச்செலின் என்கிற உணவகக் கையேட்டில் நட்சத்திரம் வாங்கிய இடங்களைச் சொன்னால் போதும். குடல், நாக்கு விற்கும் பழைய கடைகள் வேண்டாம், அது ஏழைகளின் மிச்சச் சாப்பாடுதானே?
கே.

அன்புள்ள கே.,

தனியாக நடக்க முடிவெடுத்தது நல்லது. செலவு, நட்சத்திரப் பட்டியல் எல்லாம் இணையத்தில் கிடைக்கும், அதற்கு நான் எதற்கு. ஆனால் உங்கள் கடைசி வரி என்னைக் கோபப்படுத்தியது. கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் மனதில் ஓடுகிறது.

மிச்சமா? லியோனின் சாப்பாட்டுப் புகழே அந்த மிச்சத்தால் வந்தது. க்ருவா-ரூஸ் குன்றில் பட்டு நெய்தவர்கள், கூலி போதாமல் 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்தவர்கள், தறியிலிருந்து எழுந்து வந்து காலையிலேயே குடலும் பன்றிக்கறியும் ஒயினுமாகச் சாப்பிட்டார்கள். ஊரில் புஷோன் என்கிற சின்னக் கடைகளில் இன்றும் மாட்டுக்குடலை வெள்ளை ஒயினில் ஊறவைத்து ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தருகிறார்கள்.

அப்புறம் அந்தப் பெண்கள். பணக்கார வீடுகளில் சமைத்தவர்கள் வெளியே வந்து சொந்தமாகக் கடை போட்டார்கள், ஊரே அவர்களை அம்மா என்று கூப்பிட்டது. ஓஜெனி ப்ராஸியே பண்ணை வேலை செய்து வளர்ந்தவர், கல்யாணமாகாமல் பிள்ளை பெற்று, லியோனுக்கு வீட்டுவேலைக்கு வந்தவர். 1921இல் ருவயால் தெருவில் கடை திறந்தார். 1933இல் அவருடைய இரண்டு கடைகளுக்கும் தலா மூன்று நட்சத்திரம். நீங்கள் தேடும் அதே நட்சத்திரம்தான், கே.! அவரிடம் வேலை கற்ற சமையல்காரர் பால் பொக்யூஸின் பெயர்தான் இன்று ஊரின் பெரிய உள்சந்தைக்கு. பொக்யூஸ் பெரிய கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் கற்றுக்கொடுத்தவரை விட்டுவிட்டுக் கற்றவரை மட்டும் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து குடல் கழுவுவார். வெந்நீரில் முக்கி, சுரண்டி, மஞ்சள் போட்டு, வாடை போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, விரலெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். சாப்பிட உட்கார்ந்த ஆண்கள் அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, உப்பு குறைந்தால் மட்டும் வாய் திறப்பார்கள். நல்ல தொடைக்கறியை யாரும் சுட்டுத் தின்னலாம், குடலைச் சாப்பாடாக்கக் கைப்பக்குவமும் அரைநாள் பொழுதும் வேண்டும். அதைப் போய் மிச்சம் என்று எழுத எப்படி மனசு வந்தது உங்களுக்கு?

சரி, வழி கேட்டீர்கள். தெரோ சதுக்கத்தில் தொடங்கி க்ராந்த் கோத் ஏற்றத்தில் நிதானமாக ஏறுங்கள். நெசவாளர் வீடுகளின் ஜன்னல் உயரத்தைப் பாருங்கள். நம் காஞ்சிபுரத்திலும் ஓடுகிற ஜக்கார்டு தறிக்காக நான்கு மீட்டர் உயரத்துக்குக் கட்டியவை. மேலே சந்தையில் ஸான் மார்ஸலான் பாலாடைக்கட்டியை நன்றாக இளகியதாகக் கேட்டு வாங்குங்கள். வீடுகளுக்குள் புகுந்து போகும் திராபூல் சந்துகள் வழியாக இறங்கி ருவயால் தெருவுக்கு வந்துவிடலாம். பன்னிரண்டரைக்கே ஒரு புஷோனில் உட்கார்ந்துவிடுங்கள், இரண்டு மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அந்தக் குடலையே கேளுங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், குன்றின் மேல் சந்தை இருக்காது.